படுக்கைக்கடியில் காத்த சான்று

போர்களின் வரலாறு பெரும்பாலும் படைத்தலைவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த நாளில் எந்தக் கோட்டை வீழ்ந்தது, எவர் எவரிடம் சரணடைந்தார் என்பன ஏடுகளில் இடம்பெறுகின்றன. தோற்ற படையின் கடைசி வரிசையில் நின்று, கைகளை உயர்த்திக்கொண்டு சிறைக்குள் நுழைந்த சாதாரணச் சிப்பாய்க்கு அந்த ஏடுகளில் இடமில்லை. அவன் ஓர் எண்ணாக மட்டுமே எஞ்சுகிறான். ‘இத்தனை ஆயிரம் பேர் கைதாயினர், அவர்களுள் இத்தனை ஆயிரம் பேர் மாண்டனர்’ என்னும் ஒற்றை வரியில் அவன் வாழ்வும் சாவும் அடங்கிவிடுகின்றன.

அந்த ஒற்றை வரிக்குள் அடங்க மறுத்த சிப்பாய் ஒருவர் உண்டு. அவரிடம் துப்பாக்கி இல்லை; அதைப் பறித்துக்கொண்டார்கள். உடலில் வலிமை இல்லை. அதை நோயும் பட்டினியும் தின்றுவிட்டன. ஒரு துண்டுப் பென்சிலும், எங்கிருந்தோ தேடியெடுத்த காகிதத் துண்டுகளுமே அவரிடம் இருந்தன. அவற்றைக்கொண்டு மூன்றரை ஆண்டுச் சிறைவாழ்வை அவர் வரைந்து வைத்தார். வரைந்தவற்றை உயிரைப் பணயம் வைத்துக் காத்தார். அவர் பெயர் ரொனால்ட் சேர்ல். பிற்காலத்தில் உலகம் அவரைச் சிறந்த கேலிச்சித்திர ஓவியராக அறிந்தது. ஆயினும், சாங்கியிலும் சயாம் காட்டிலும் அவர் செய்த பணியே அவருடைய பிற பணிகள் அனைத்துக்கும் அடிக்கல் எனலாம்.

இளமையும் படைவாழ்வும்

1920ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் எளிய தொழிலாளிக் குடும்பம் ஒன்றில் சேர்ல் பிறந்தார். உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் அந்நகரில் இருந்தது. ஆனால் அதன் வாயில்கள் அவரைப் போன்ற ஏழைச் சிறுவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. ஐந்து வயது முதலே வரையத் தொடங்கிய அவர், பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். பகலில் உழைத்து, மாலையில் ஓவியப் பள்ளியில் பயின்றார். அதே வயதில் உள்ளூர் நாளிதழில் அவருடைய கேலிச்சித்திரங்கள் வெளிவரலாயின.

ஐரோப்பாவின் மீது போர்மேகம் சூழ்ந்த 1939ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சேர்ல் படையில் சேர்ந்தார். பொறியியற் படைப்பிரிவில் அவருக்கு இடம் கிடைத்தது. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், தடைகளைத் தகர்த்தல் ஆகியவை அப்பிரிவின் பணிகள். படைமுகாம்களிலும் அவர் ஓவியத்தை விடவில்லை. 1941ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தபோது, அங்குப் பழகிய குடும்பம் ஒன்றின் பெண்பிள்ளைகள் படித்த பள்ளியை வைத்துக் குறும்புச் சித்திரம் ஒன்று வரைந்தார். ‘லில்லிபுட்’ என்னும் இலண்டன் இதழ் அதனை வெளியிட்டது. ‘செயிண்ட் டிரினியன்ஸ்’ என்ற பெயரில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கேலிச்சித்திர வரிசையின் முதல் வித்து அதுவே.

அந்தச் சித்திரம் அச்சாகி வெளிவந்த காலத்தில் சேர்ல் கடலில் இருந்தார். அவருடைய படைப்பிரிவு பிரிட்டனின் 18ஆம் டிவிஷனைச் சேர்ந்தது. மத்தியக் கிழக்கை நோக்கிப் புறப்பட்ட அப்படை, 1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பான் மலாயாவைத் தாக்கியதும் கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. பாலைவனப் போருக்கெனப் புறப்பட்ட வீரர்கள் அடர்ந்த காடும் சதுப்பும் நிறைந்த மண்ணில் வந்து இறங்கினர். 1942ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சேர்ல் சிங்கப்பூரை அடைந்தார். ஏறத்தாழ ஒரு திங்கள் போர் நடந்தது. நகரம் குண்டுமழையில் சிதைந்துகொண்டிருந்த நாள்களில், தெருவில் கிடந்த ஓர் இதழில் தம் சித்திரம் அச்சாகியிருப்பதை அவர் கண்டார் என்று கூறுவர். கலைஞன் ஒருவன் தன் படைப்பை அச்சில் முதன்முதலாய்க் காண்பதற்கு அதைவிடக் கொடிய சூழல் வேறொன்று இருத்தல் அரிது.

1942ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 15ஆம் நாள், புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் தளபதி பெர்சிவல், தளபதி யாமாஷித்தாவிடம் சரணடைந்தார். சிங்கப்பூர் ‘சியோனான்’ ஆயிற்று. இருபத்திரண்டு வயதை எட்ட இன்னும் சில நாள்களே இருந்த ரொனால்ட் சேர்ல் போர்க்கைதி ஆனார்.

சாங்கி

சரணடைந்த இரண்டாம் நாளில், ஏறத்தாழ 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் தீவின் கிழக்கு முனையிலிருந்த சாங்கியை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். இந்திய வீரர்களைத் தனியே பிரித்து ஃபேரர் பார்க் திடலில் கூட்டினர். ஒரே கொடியின் கீழ்ப் போரிட்டவர்கள் அன்று இரு வழிகளில் பிரிந்தார்கள். அவ்விரு கூட்டத்தாரின் பிற்கால வரலாறும் இரு வேறு வரலாறுகளாயின.

‘சாங்கி’ என்றதும் உயர்ந்த மதில்களைக் கொண்ட சிறைச்சாலையே பலர் நினைவுக்கு வரும். முதல் இரண்டு ஆண்டுகளில் போர்க்கைதிகள் அச்சிறைக்குள் அடைக்கப்படவில்லை. அதனை அடுத்த படைக்குடியிருப்புகளிலேயே நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்டனர். போர்க்கைதிகளை நடத்தும் முறை குறித்த 1929ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையொப்பமிட்டிருந்தது. எனினும் அதனை முறைப்படி ஏற்று உறுதிசெய்யவில்லை. சரணடைதலைச் சாவினும் இழிந்த மானக்கேடாகக் கருதப் பயிற்றப்பட்டிருந்த அப்படையினரின் கண்களில், கைதிகள் மதிப்பிழந்த மனிதர்களாகவே தோன்றினர்.

கைதிகளுக்குக் கிடைத்த உணவு பெரிதும் வெறும் அரிசிச் சோறே. அச்சோற்றில் உயிர்ச்சத்து இல்லாமையால் பெரிபெரி நோய் பரவியது. கால்கள் வீங்கின, கண்பார்வை மங்கியது, தோலில் ஆறாத புண்கள் தோன்றின. கூலிப்படையைப் போல் அவர்களைக் குழுக்களாக்கி நகரத்துக்கு அனுப்பிக் கிடங்குகளில் மூட்டை தூக்கவும், இடிபாடுகளை அகற்றவும் பணித்தனர்.

இந்நிலையில்தான் சேர்ல் ஒரு முடிவுக்கு வந்தார். தாம் கண்டதையெல்லாம் வரைந்து வைப்பது என்பதே அம்முடிவு. தாம் இறந்துவிட்டாலும், எவரேனும் ஒருவர் என்றேனும் ஒருநாள் அந்தக் காகிதங்களைக் கண்டெடுத்து, அங்கு நடந்தது இன்னதென்று அறிந்துகொள்வார் என்பது அவருடைய நம்பிக்கை. பிழைத்து வீடு திரும்புவோம் என்று நம்பியவர்கள் பலர். பிழைக்கமாட்டோம் என்று சோர்ந்தவர்களும் பலர். தாம் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் உண்மை பிழைக்கவேண்டும் என்று எண்ணியவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராய் அவர் நின்றார்.

சயாமுக்குச் சென்ற பாதை

1942ஆம் ஆண்டின் நடுவில் ஜப்பானிய அரசு ஓர் இருப்புப்பாதைத் திட்டத்தை வகுத்தது. பர்மாவிலிருந்த தன் படைகளுக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப அதற்கு வழி வேண்டியிருந்தது. மலாக்கா நீரிணையைச் சுற்றிச் செல்லும் கடல்வழி பகைக் கப்பல்களால் ஆபத்து மிக்கதாயிற்று. ஆகவே, சயாமின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை, மலையும் காடும் ஊடறுத்து 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைக்க முடிவு செய்தனர். முன்பே இந்த வழியைச் சிந்தித்துப் பார்த்த பிரிட்டிஷார், நிலத்தின் கடுமையையும் நோயின் கொடுமையையும் கருதிக் கைவிட்டிருந்தனர். இயந்திரங்கள் செய்யவேண்டிய அவ்வேலையை மனிதக் கைகளைக்கொண்டே செய்துமுடிக்க ஜப்பானியர் முனைந்தனர்.

60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் அப்பாதைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேர் பிரிட்டிஷ் வீரர்கள். 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் சேர்லின் முறை வந்தது. சரக்கேற்றும் இரும்புப் பெட்டிகளில் கைதிகளைத் திணித்து, நான்கைந்து நாள்கள் மலாயாவின் நீளம் முழுவதும் கடத்திச் சென்றனர். பகலில் கொதிக்கும் இரும்பு. இரவில் உறையும் குளிர். காலை நீட்டவும் இடமில்லை. பான்போங்கில் இறக்கப்பட்ட பிறகு, காட்டு வழியே இரவிரவாக நடக்கவைத்தனர். நடக்கமாட்டாதவரை நண்பர்கள் தூக்கிச் சென்றனர்.

அந்த ஆண்டு பருவமழையும் ஜப்பானியரின் அவசரமும் ஒருசேர வந்தன. பாதையைக் குறித்த காலத்துக்குள் முடித்தாகவேண்டும் என்று மேலிடம் ஆணையிட்டது. காவலர்கள் ‘ஸ்பீடோ, ஸ்பீடோ’ என்று கத்திக்கொண்டே மூங்கிற் கழிகளால் அடித்தனர். கைதிகள் அந்தக் காலத்தையே ‘ஸ்பீடோ காலம்’ என்று குறித்தார்கள். குவாய் நோய் ஆற்றை ஒட்டிய கோன்யூ என்னும் இடத்தில் பாறையைக் குடைந்து ஆழமான வெட்டுவழி அமைத்தனர். ஒருவன் உளியைப் பிடிக்க, மற்றவன் சம்மட்டியால் அடிக்க, பாறையில் துளையிட்டு வெடிவைத்துத் தகர்த்தனர். இரவில் மூங்கில் தீயும் கார்பைடு விளக்கும் எரிய, எலும்பும் தோலுமான உருவங்கள் அவ்வொளியில் அசைந்தன. மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது நரகத்தின் வாயிலாகவே தோன்றியது. ‘நரகத்தீக் கணவாய்’ என்னும் பெயர் இன்றும் அவ்விடத்துக்கு நிலைத்துவிட்டது.

மழையோடு வாந்திபேதியும் வந்தது. காலையில் வேலைக்குச் சென்றவன் மறுநாள் காலையில் சாம்பலானான். நோயாளிகளை முகாமின் ஓரத்தில் தனிக்குடிசைகளில் ஒதுக்கி வைத்தனர். கைதிகளிடையே இருந்த மருத்துவர்கள், மூங்கிலைக் குழாயாகவும், காய்ச்சிய உப்புநீரை மருந்தாகவும் கொண்டு இயன்றவரை உயிர்களைக் காத்தனர்.

சாவின் காவலில் சித்திரங்கள்

இத்தகைய முகாமில்தான் சேர்ல் வரைந்தார். பகலெல்லாம் கல்லுடைத்த கையே இரவில் பென்சிலைப் பிடித்தது. கிடைத்த காகிதம் எதுவாயினும் அவருக்குப் பயன்பட்டது. சோற்றுக்கு வரிசையில் நிற்கும் கைதிகள், காவலனின் முகம், வேலையிடையே சரிந்து விழுந்தவன், வாந்திபேதியால் கண்கள் குழிந்து சாவை எதிர்நோக்கிக் கிடப்பவன் என்று கண்முன் கண்டவற்றை அவர் பதிவு செய்தார். பிற்காலத்தில் கேலிச்சித்திரத்தால் உலகையே சிரிக்கவைத்தவர் அவர். ஆனால் அந்நாளைய கோடுகளில் மிகையும் இல்லை, கேலியும் இல்லை, பிறர் இரக்கத்தைத் தூண்டும் முயற்சியும் இல்லை. ‘இது இவ்வாறு இருந்தது’ என்று மட்டுமே அவை கூறுகின்றன.

முகாமில் நடப்பதை வரைவது தடைசெய்யப்பட்ட செயல். கண்டுபிடிக்கப்பட்டால் அடி நிச்சயம். உயிரே போகவும் கூடும். காவலர்கள் அடிக்கடி உடைமைகளைச் சோதித்தனர். வரைந்தவற்றை எங்கே ஒளித்து வைப்பது? சேர்ல் கண்ட வழி எண்ணுந்தோறும் நெஞ்சை உலுக்குவது. வாந்திபேதியால் சாகக் கிடந்த தோழர்களின் படுக்கைக்கடியில் அவர் தம் சித்திரங்களை மறைத்து வைத்தார். தொற்றுநோய்க்கு அஞ்சிய காவலர்கள் அக்குடிசைகளை நெருங்கவில்லை. எவருக்கும் இனி எந்த உதவியும் செய்ய இயலாது என்று கைவிடப்பட்ட மனிதர்கள், தங்கள் கடைசி நாள்களில் உண்மைக்குக் காவலர் ஆயினர். எந்த நோய் அவர்களைக் கொன்றதோ, அந்த நோயே அவர்களின் கதையைக் காத்தது. அவர்கள் பெயர்களுள் பல இன்று எவருக்கும் தெரியா. அவர்கள் காத்த காகிதங்கள் இருக்கின்றன.

சேர்லும் நோய்க்குத் தப்பவில்லை. மலேரியாவும் பெரிபெரியும் அவரை வாட்டின. உடல் முழுதும் தோல்நோய் பரவியது. ஒருநாள் காலை அவர் கண்விழித்தபோது, இருபுறமும் படுத்திருந்த நண்பர்கள் இருவரும் இறந்து கிடந்தனர். அவர் தலைக்கடியில் உயிருள்ள பாம்பு ஒன்று சுருண்டிருந்தது. இந்நிகழ்ச்சியை அவரே தம் நூலில் எழுதியுள்ளார்.

அவரோடு சிறையிலிருந்த ரசல் பிராடன் என்னும் ஆஸ்திரேலிய எழுத்தாளர், பின்னாளில் அவரைப் பற்றி எழுதியது குறிப்பிடத்தக்கது. சாவின் விளிம்பில், சிறுபிள்ளையின் எடையளவே எஞ்சிய உடலோடு, பார்ப்பவர் முகம் சுளிக்கும் நிலையில் கிடந்தபோதும், கையில் பென்சிலும் காகிதமுமாக அமைதியாக வரைந்துகொண்டிருந்தவர் சேர்ல் என்று அவர் கூறுகிறார். மற்ற மனிதர்களிலிருந்து அவரை வேறுபடுத்திய குணம் அதுவே என்பது பிராடனின் முடிவு. 1952ஆம் ஆண்டில் வெளிவந்த பிராடனின் ‘நிர்வாணத் தீவு’ என்னும் நூலுக்குச் சேர்லின் சித்திரங்களே அணிசெய்தன.

1943ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் நடுவில், இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்தா என்னும் இடத்தில் இணைந்தன. பாதை முடிந்தது. அதற்கு விலையாக 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 6,900 பேர் பிரிட்டிஷார்.

மீண்டும் சிறை, பின்னர் விடுதலை

உயிர் எஞ்சியவராகச் சேர்ல் சிங்கப்பூருக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டார். 1944ஆம் ஆண்டு மே மாதத்தில் போர்க்கைதிகள் சாங்கிச் சிறைச்சாலைக்கே மாற்றப்பட்டனர். 1936ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட அச்சிறை சில நூறு குற்றவாளிகளுக்கென அமைந்தது. அதன் மதில்களுக்குள் ஏறத்தாழ 5,000 பேரை அடைத்தனர். மேலும் பல்லாயிரவர் மதிலை ஒட்டிய குடிசைகளில் தங்கினர்.

அங்கும் அவர் கை ஓயவில்லை. கைதிகள் தங்களுக்குள் நாடகம் நடத்தினர். சொற்பொழிவுகள் ஏற்பாடு செய்தனர். கையெழுத்து இதழும் வெளியிட்டனர். நாடக மேடைக்கும் இதழுக்கும் சேர்ல் வரைந்து கொடுத்தார். பசித்த வயிற்றுக்கு நாடகம் எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். மனிதனை எண்ணாகக் குறுக்கும் இடத்தில், தான் எண் அல்லன் என்று அவன் தனக்கே மெய்ப்பித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. கையெழுத்து இதழ் நடத்திப் பழகிய தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. செப்டம்பர்த் திங்களில் பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் மீண்டும் இறங்கியது. இருபத்தைந்து வயதுச் சேர்ல் தம் சித்திரங்களோடு தாய்நாடு திரும்பினார். ஏறத்தாழ 300 சித்திரங்கள் பிழைத்திருந்தன. 1946ஆம் ஆண்டில் அவற்றுள் சில ‘நாற்பது ஓவியங்கள்’ என்னும் தொகுப்பில் இடம்பெற்றன.

அதன்பின் அவர் பெற்ற புகழ் பெரிது. ‘செயிண்ட் டிரினியன்ஸ்’ பள்ளியின் அடங்காப் பெண்பிள்ளைகள் நாடெங்கும் சிரிப்பை எழுப்பினர், திரைப்படங்களும் வந்தன. ஆயினும், அந்தச் சிரிப்பின் அடியில் கருமை ஒன்று ஓடுவதை நுட்பமாகப் பார்த்தவர்கள் உணர்ந்தனர். சிறைக்கொட்டடியின் கொடுமைகளே பள்ளிக்கூடக் குறும்புகளாக உருமாறின என்று திறனாய்வாளர் கூறுவர்.

சாட்சி சொல்லும் கடமையை அவர் பின்னரும் மறக்கவில்லை. 1959ஆம் ஆண்டில், போர் முடிந்து பதினான்கு ஆண்டுகள் கடந்தும் வீடின்றி ஐரோப்பிய முகாம்களில் வாடிய அகதிகளை, மனைவி கே வெப்புடன் சென்று கண்டு வரைந்தார். 1961ஆம் ஆண்டில், யூதர்களைக் கொன்று குவித்த திட்டத்தில் முன்னின்ற ஐக்மனை ஜெருசலேம் நீதிமன்றம் விசாரித்தபோது, ‘லைஃப்’ இதழுக்காக அங்குச் சென்று வரைந்தார். முள்வேலிக்குள் இருந்து பார்த்தவரின் கண்கள், முள்வேலி அமைத்தவனின் முகத்தை இப்போது கூண்டில் கண்டன. அவ்வாண்டிலேயே அவர் பிரான்சில் குடியேறினார்.

சிறைச் சித்திரங்களை அவர் இலண்டனில் உள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். 1986ஆம் ஆண்டில், ‘குவாய்க்குச் சென்று மீண்டமை’ என்னும் பொருள்படும் தலைப்பில், தம் சிறைநினைவுகளுடன் அவற்றை நூலாக்கினார். அச்சித்திரங்களைப் பெருங்கலை என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. தூக்குக்குக் காத்திருக்கும் கைதி சிறைச் சுவரில் தன் நினைவாகக் கீறிவைக்கும் கோடுகளுக்கே அவற்றை ஒப்பிட்டார். அக்கைதி எதிர்பாராது தப்பிவிட்டான் என்பதே வேறுபாடு. 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள், தம் 91ஆம் வயதில், பிரான்சில் அவர் காலமானார்.

அதே பாதையில் மற்றவர்கள்

சேர்ல் வாழ்வை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் அயலானின் கதையாக மட்டும் படித்து மூடிவிட இயலாது. அவர் உழைத்த அதே பாதையில், அதே மழையில், அதே நோயில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களும் உழைத்தனர். நரகத்தீக் கணவாயின் பாறையை உடைத்த கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன.

போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்றுப்போன காலம் அது. நல்ல கூலியும் உணவும் உண்டு. சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினர். பின்னர் ஆசை போதாதபோது ஆள்பிடித்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மனைவி மக்களோடு சென்றவர்களும் உண்டு. பர்மியர், சாவகர், சீனர், மலாய்க்காரர் ஆகியோரையும் சேர்த்து, ஆசியத் தொழிலாளர் தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சம் என்பர். அவர்களுள் இறந்தோர் தொகையை 90,000 என மதிப்பிடுவோர் உளர். கைதிகளின் சாவைக் காட்டிலும் அது பன்மடங்கு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? போர்க்கைதிகளுக்கு ஓர் அமைப்பு இருந்தது. முகாமைத் துப்புரவாக வைக்கவும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர். மருத்துவர்கள் இருந்தனர். யார் எந்நாளில் எந்நோயால் இறந்தார் என்று மறைவாகப் பேரேடு எழுதுவோர் இருந்தனர். தோட்டத் தொழிலாளர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943ஆம் ஆண்டின் நடுவில், சாங்கிக் கைதிகளுள் மருத்துவப் பணியாளர் சிலரைத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினர். அதற்குள் எண்ணற்றோர் மாண்டிருந்தனர்.

போருக்குப் பின்னும் இவ்வேறுபாடு தொடர்ந்தது. கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் கண்டு, எலும்புகளைத் தொகுத்து, காஞ்சனபுரி முதலிய இடங்களில் போர்க்கல்லறைத் தோட்டங்கள் அமைத்தனர். காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியுள்ளனர். தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசையும் இல்லை, கல்லும் இல்லை. அவர்கள் விழுந்த இடத்தில் காடு வளர்ந்தது. மீண்டு வந்தவர்கள் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் பேரப்பிள்ளைகளிடம் சொன்ன கதைகளே நெடுங்காலம் அவர்தம் வரலாறாக இருந்தன. அக்கதைகளுள் பல, சொன்னவர்களோடு மறைந்தன.

ஆயினும் அவர்களும் முற்றிலும் மறக்கப்படவில்லை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள், ஏட்டில் ஏறாத அவர்தம் துயரத்தை எழுத்தில் ஏற்றின. 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியின் ஆலய வளாகம் ஒன்றில் அவர்களுக்கு நடுகல் எழுப்பப்பட்டது. வீழ்ந்த வீரனுக்குக் கல்நட்டுப் பெயரெழுதிப் போற்றுவது தமிழரின் தொன்மையான மரபு. எண்பது ஆண்டுகள் தாழ்ந்தே அக்கல் வந்தது. பெயரெழுத இயலாத கல்லாக வந்தது என்பதுதான் துயரம்.

ஒரு பென்சிலின் எடை

சேர்ல் பாதையின் போக்கை மாற்றவில்லை. அவர் சித்திரத்தால் ஒரு கைதியும் விடுதலை பெறவில்லை. ஒரு பிடிச் சோறும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அந்நாளில் அவரைக் கண்டவருள் சிலர், சாகப்போகிறவனுக்கு இஃது என்ன வேலை என்றே எண்ணியிருப்பர். ஆனால், பாதை அமைக்க ஆணையிட்டவர்களின் ஆவணங்களில் கைதி ஓர் எண்ணாக இருந்தான். அந்தக் காகிதத் துண்டுகளில் அவன் முகமுள்ள மனிதனாக இருந்தான். இன்று அருங்காட்சியகத்தில் நின்று பார்ப்பவரை அந்த முகம் நேருக்கு நேர் நோக்குகிறது.

அந்தப் பாதையின் பெரும்பகுதி இன்று இல்லை. போர் முடிந்தபின் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டனர். எஞ்சிய தொலைவில் மட்டுமே தாய்லாந்து இரயில் ஓடுகிறது. இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் பேரின் உழைப்பால் அமைந்த இரும்பு நிலைக்கவில்லை. நோயாளியின் படுக்கைக்கடியில் ஈரத்துக்கும் கரையானுக்கும் தப்பிய காகிதம் நிலைத்தது.

சயாமுக்குச் சென்று மீண்ட தாத்தாவின் பெயரையோ பாட்டியின் சொல்லையோ நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இந்நாடுகளில் உள்ளன. எந்தத் தோட்டத்திலிருந்து சென்றார், யாரோடு சென்றார், திரும்பி வராத தம்பியின் பெயர் என்ன என்று கேட்டு எழுதிவைக்க ஒரு மாணவனுக்குப் பெருங்கல்வி வேண்டியதில்லை. பள்ளிக் குறிப்பேட்டின் பின்பக்கமும், ஒரு துண்டுப் பென்சிலும் போதும். சாங்கிக் கைதியிடம் அதற்குமேல் எதுவும் இருக்கவில்லை.